பிங் போகிறது, நெய்பர் மட்டும் ஏன் விழுகிறது?

கேள்வி இதுதான். இரண்டு அலுவலகங்கள், நடுவே வாடகைக்கு எடுத்த ஈதர்நெட் லிங்க் ஒன்று, இரு முனையிலும் ரூட்டர், அதன் மேல் ஓஎஸ்பிஎஃப், அதாவது ரூட்டர்கள் தமக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நெய்பர் (மறுமுனை ரூட்டரோடு உள்ள ஓஎஸ்பிஎஃப் உறவு) டவுன் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே ஃபுல், அதாவது முழு உறவு, ஆகிவிடுகிறது. பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட விடாமல் போகிறது. இன்டர்நெட் பக்கம் இருக்கும் பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கிடையே வழி சொல்லும் முறை) செஷனும் எப்போதாவது கூடவே விழுகிறது. ஹலோ (‘இருக்கிறேன்’ என்று சொல்லும் பாக்கெட்) 10 விநாடி, டெட் (ஹலோ வராமல் காத்திருக்கும் எல்லை) 40 விநாடி என்று இருப்பதைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடுமா?

சரியாகாது. விழுவது நிற்கலாம், கோளாறு அப்படியே இருக்கும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். இந்தக் கணக்கைப் போட்டாலே உங்கள் சிக்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

ஓஎஸ்பிஎஃப் நெய்பர் விழவேண்டும் என்றால் 40 விநாடிக்கு ஒரு ஹலோவும் வந்து சேரக்கூடாது. அதாவது தொடர்ந்து நான்கு ஹலோ தொலைய வேண்டும். லிங்கில் 1 சதவீத பாக்கெட் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கு தொலைவதற்கு வாய்ப்பு பத்துக்கோடியில் ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு 360 ஹலோ என்று வைத்தால் நெய்பர் ஒரு முறை விழ முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். 10 சதவீதம் தொலைந்தால்கூட ஒன்றேகால் நாளுக்கு ஒரு முறைதான். நீங்கள் சொல்வதுபோல் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை விழ வேண்டும் என்றால் சுமார் 17 சதவீதம் தொலைய வேண்டும். அவ்வளவு தொலைந்தால் நீங்கள் போட்ட பிங் காட்டிக்கொடுத்திருக்கும், அதற்கு முன்பே அலுவலகத்தில் எல்லாரும் உங்கள் மேஜைக்கு வந்திருப்பார்கள்.

எனவே பாக்கெட் சீராகத் தொலையவில்லை. ஒன்று, சில சமயங்களில் மட்டும் கொத்தாகத் தொலைகிறது. அல்லது, பிங் போகிற வழியில் ஹலோ போகவில்லை. அல்லது, சின்ன பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை. இல்லையென்றால் பாக்கெட் வந்து சேர்கிறது, ரூட்டர்தான் அதைப் பார்க்க நேரமில்லாமல் கிடக்கிறது. தேட வேண்டியது இந்த நான்கில்தான்.

டெட் டைமரை 120 ஆக்கினால் என்ன ஆகும்? 30 சதவீதம் தொலைகிற படுமோசமான லிங்கில்கூட, தொடர்ந்து 12 ஹலோ தொலைய கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகும். லாக் சுத்தமாகிவிடும், மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கையும் அழகாக இருக்கும். அந்த லிங்கில் கோப்பு இறக்குபவருக்கு மட்டும் ஒன்றும் மாறியிருக்காது. அப்புறம் லிங்க் நிஜமாகவே நடுவழியில் அறுந்தால், மாற்றுப் பாதைக்குப் போக 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கிற வேலை இது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? லாக் வரியில். பலரும் அதில் ‘டவுன்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு ரூட்டரில் எதையோ மாற்றப் போய்விடுகிறார்கள். அந்த ஒரே வரியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: எத்தனை மணிக்கு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, என்ன காரணத்தால். சிஸ்கோ ரூட்டர் காரணத்தை வரியின் கடைசியில் எழுதிவிடும்: ‘டெட் டைமர் எக்ஸ்பயர்டு’, ‘இன்டர்ஃபேஸ் டவுன்’, ‘1-வே’, ‘டூ மெனி ரீட்ரான்ஸ்மிஷன்ஸ்’, ‘பிஎஃப்டி நோட் டவுன்’. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குப் போகும் பஸ். தவறான பஸ்ஸில் ஏறிவிட்டு ஊர் வரவில்லையே என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை.

முக்கியமாக, இரண்டு முனை லாகையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு ரூட்டரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும், முதல் வேலையாக, நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி போடுங்கள். எனக்கு ஒரு முறை வந்த இரண்டு வரிகளைச் சொல்கிறேன். கிளை ரூட்டரில் 23:13:41-க்கு ‘ஃபுல்லில் இருந்து டவுன், டெட் டைமர் எக்ஸ்பயர்டு’. தலைமை அலுவலக ரூட்டரில் 23:13:44-க்கு ‘ஃபுல்லில் இருந்து இனிட், 1-வே’. இதற்கு என்ன பொருள்? கிளைக்கு ஹலோ வரவில்லை, அதனால் அது தலைமை ரூட்டரைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தலைமைக்குக் கிளையின் ஹலோ தடையில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த ஹலோவில் தன் பெயர் இல்லை என்பதைப் பார்த்து அது 1-வே என்று இறங்கியது. ஆக, தொலைவது தலைமையிலிருந்து கிளைக்குப் போகிற திசையில் மட்டும். எதிர்த் திசை நன்றாக இருக்கிறது. ஒரு பக்க லாகை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. ‘டெட் டைமர்’ என்று சொல்கிறவருக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சம்பவத்தில் என்ன நடந்தது என்றால், வாங்கியிருந்தது 20 எம்பிபிஎஸ், ஆனால் லிங்க் செருகியிருந்த போர்ட் 1 ஜிபிபிஎஸ். ரூட்டருக்கு 20 என்பதே தெரியாது, அது ஒரு கிகா வேகத்தில் தள்ளும். லிங்க் கொடுத்த நிறுவனத்தின் முனையில் ஒரு போலீசர் உட்கார்ந்துகொண்டு 20-க்கு மேல் வருவதையெல்லாம் கீழே போடும். ஓஎஸ்பிஎஃப் ஹலோவை ரூட்டர் உயர்ந்த முன்னுரிமைக் குறியோடுதான் அனுப்புகிறது, டிஎஸ்சிபி 48. ஆனால் போலீசருக்கு அந்தக் குறியை மதிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கேமரா பதிவுகளை யூடிபி-யில் கிளைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் வேலை தொடங்கும். டிசிபி என்றால் இழப்பைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த யூடிபி ஓட்டம் குறைக்கவே இல்லை. ஹலோவும் அந்த வெள்ளத்தில் போயிற்று.

அதற்கு மருந்து, நம் ரூட்டரிலேயே வெளியே போகும் வேகத்தை 19 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் (அளவுக்கு மேல் வருவதை வரிசையில் நிறுத்தி மெல்ல விடுவது) செய்துவிட்டு, அந்த ஷேப்பருக்குள் ரூட்டிங் பாக்கெட்டுக்குத் தனி வரிசை கொடுப்பது. எதைக் கீழே போடுவது என்ற முடிவை அடுத்தவரின் போலீசரிடம் விடாமல் நாமே எடுப்பது, அவ்வளவுதான். அன்று இரவிலிருந்து நின்றது. உங்கள் ஐந்தாறு முறையும் ஒரே நேரத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். பகலில் போட்ட பிங்குக்கு இரவு நடப்பது தெரியாது.

நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விழுந்த நேரங்களை ஒரு தாளில் கீழே கீழே எழுதிப் பாருங்கள். அதில் ஒரு தாளம் இருக்கிறதா? சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால், நடுவே ஐபிசெக் டனல் (பாக்கெட்டைப் பூட்டி இன்னொரு பாக்கெட்டுக்குள் அனுப்பும் வழி) இருக்கிறதா என்று பாருங்கள். 3600, 28800, 86400 விநாடிகள் அங்கே சாவி மாற்றும் ஆயுளாக வழக்கமாக இருக்கிற எண்கள். சாவி மாறும்போது இரண்டு முனையும் ஒத்துப்போகாமல் சில பத்து விநாடி இருட்டாகிவிடும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் அது பிஜிபி-யின் கதை, கீழே வருகிறேன். நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து எழுந்து விழுந்தால், ஜிஆர்இ டனல் (பூட்டாமல் வெறுமனே மூடி அனுப்பும் வகை) தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறதா என்று பாருங்கள். டனலின் மறுமுனை முகவரிக்குப் போகும் வழியையே டனலுக்குள் ஓடும் ஓஎஸ்பிஎஃப் கற்றுக்கொடுத்துவிடும். ரூட்டர் அதை நம்பி டனல் பாக்கெட்டை டனலுக்குள்ளேயே அனுப்பப் பார்க்கும், சுற்றிக்கொள்ளும், டனலை இறக்கும். இறங்கியதும் கற்ற வழி போய்விடும், பழைய வழியில் டனல் எழும், மறுபடி கற்கும். சிஸ்கோவில் ‘ரிகர்சிவ் ரூட்டிங்’ என்று லாகிலேயே வரும். டனல் மறுமுனைக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) போட்டாலோ, அந்த முகவரியை டனல் வழியே அறிவிக்காமல் தடுத்தாலோ தீர்ந்தது.

தாளமே இல்லாமல் கண்டபடி விழுந்தால், மழைக்கும் வெயிலுக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். வானொலி அலையில் போகும் லிங்க் மழையில் தளரும், ஏசி இல்லாத அறையில் இருக்கும் மீடியா கன்வெர்ட்டர் நண்பகலில் சாயும்.

காரணம் ‘இன்டர்ஃபேஸ் டவுன்’ என்றிருந்தால் ஓஎஸ்பிஎஃப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கேபிள் வேலை. இன்டர்ஃபேஸ் கவுண்ட்டர்களில் சிஆர்சி (கெட்டுப்போய் வந்த ஃப்ரேம்களின் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு முனையில் சிஆர்சியும் மறுமுனையில் லேட் கொலிஷனும் (தாமதமான மோதல்) ஏறினால், ஒன்று ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசை), இன்னொன்று ஹாஃப் (ஒரு சமயம் ஒரு திசை). ஃபைபர் என்றால் உள்ளே வரும் ஒளி எவ்வளவு என்று பாருங்கள். 10 கிலோமீட்டர் வகை 10 ஜி மாட்யூலுக்கு வாங்கும் பக்க எல்லை மைனஸ் 14.4 டிபிஎம். அதில் மைனஸ் 14 காட்டினால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கிணற்றுச் சுவரின் மேல் நடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்யூலை மாற்றுவதற்கு முன் கனெக்டரின் முனையைத் துடைத்துப் பாருங்கள். புது மாட்யூல் வாங்க ஒப்புதல் கேட்டுக் கடிதம் எழுதுவதைவிட அது சுலபம், பாதி சமயம் அதுவே போதும்.

சிஆர்சி ஏறும்போதுகூட பிங் நன்றாகப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஓஎஸ்பிஎஃப் ஹலோ கம்பியில் சுமார் 90 பைட். எந்த அளவும் சொல்லாமல் போடும் பிங்கும் ஏறக்குறைய அதே அளவு. முழு அளவு ஃப்ரேம் 1518 பைட், அதாவது பதினாறு பதினேழு மடங்கு நீளம். பிட் ஒன்று கெட்டுப்போக வாய்ப்பும் அத்தனை மடங்கு. சின்னது தப்பித்துவிடும், பெரியது மாட்டும். வெறும் பிங் போவதை வைத்து லிங்க் நலம் என்று யாராவது சொன்னால் ‘எத்தனை பைட்?’ என்று கேளுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிங் யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும்), ஹலோ போவது 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே போகும்) முகவரிக்கு. நடுவே இருக்கும் சுவிட்சோ வயர்லெஸ் பாலமோ மல்டிகாஸ்டைக் கட்டுப்படுத்துகிறேன் என்று இதையும் தடுத்துவிடலாம். 224.0.0 என்று தொடங்கும் இந்த முகவரிகளை எப்போதும் எல்லாப் போர்ட்டுக்கும் விடவேண்டும் என்பதுதான் முறை, எல்லாப் பெட்டியும் அப்படி நடப்பதில்லை. அந்த முகவரிக்கே பிங் போட்டுப் பாருங்கள். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப் ஓடும் அண்டை ரூட்டர் பதில் சொல்லும்.

இப்போது எனக்குப் பிடித்த, பலரை அழவைத்த விஷயம்: ‘டூ மெனி ரீட்ரான்ஸ்மிஷன்ஸ்’. நெய்பர் நிலை, ஃபுல்லுக்கு முந்தைய படிகளான எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ நின்று, 2 நிமிடம் முட்டிப் பார்த்துவிட்டு டவுன் ஆகி, ஒரு நிமிடம் சும்மா இருந்து, மறுபடி தொடங்கும். காரணம் பத்துக்கு ஒன்பது எம்டியூ, அதாவது ஒரு லிங்க் தூக்கக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஆனால் இரண்டு வகை எம்டியூ கோளாறு உண்டு, இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்கும்.

முதல் வகை, இரு முனையிலும் எழுதியிருக்கும் எம்டியூ எண்ணே வேறு. ஒன்றில் 1500, மற்றதில் 9000 அல்லது 1492. டேட்டாபேஸ் விவரம் சொல்லும் டிபிடி பாக்கெட்டிலேயே ஒவ்வொரு ரூட்டரும் தன் எம்டியூவை எழுதி அனுப்புகிறது. தன்னைவிடப் பெரிய எண்ணைப் பார்க்கும் ரூட்டர் அந்தப் பாக்கெட்டை ஏற்காது, எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிற்கும். 1998-இல் வந்த ஓஎஸ்பிஎஃப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2328-இலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, ரூட்டர் மேல் குறையில்லை. எண்ணை ஒன்றாக்கினால் தீர்ந்தது. எம்டியூ-இக்னோர் என்ற கட்டளையைப் போட்டால் உடனே ஃபுல் ஆகும், நானும் நடுராத்திரியில் போட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அது சோதனையை மட்டும்தான் நிறுத்துகிறது. மறுமுனையால் வாங்க முடியாத பெரிய பாக்கெட் வரும் நாளில் மறுபடி அதே இடத்துக்கு வருவீர்கள்.

இரண்டாம் வகை இன்னும் சுவையானது. இரு முனையிலும் 1500 என்றுதான் எழுதியிருக்கும், நடுவே இருக்கும் லிங்க்தான் 1500-ஐத் தூக்காது. இரண்டு வருடம் அழகாக ஓடிய ஒரு நெட்வொர்க்கில் இது எனக்கு வந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள், அது உண்மையும்கூட. புதிதாக நான்கு கிளைகள் சேர்த்ததைத் தவிர. நெய்பர் ஹலோ பரிமாறுகிறது, எக்ஸ்ஸ்டார்ட் தாண்டுகிறது, எக்ஸ்சேஞ்சில் நிற்கிறது, விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்ஸ்டார்ட்டில் போகும் டிபிடி வெறும் பாக்கெட், உள்ளே ஒன்றும் இருக்காது, எல்லா லிங்கும் தூக்கும். எக்ஸ்சேஞ்சில்தான் எல்எஸ்ஏ (ரூட்டர் தன் லிங்குகளைப் பற்றிச் சொல்லும் பதிவு) தலைப்புகளை அடுக்கி அனுப்பும், ஒரு தலைப்பு 20 பைட். 1500 பைட்டில் ஐபி தலைப்பு 20, ஓஎஸ்பிஎஃப் தலைப்பு 24, டிபிடி-யின் சொந்தப் பகுதி 8 போனால் மீதி 1448. அதில் 72 எல்எஸ்ஏ தலைப்புகள் அடங்கும். நடுவே இருந்த லிங்க் தூக்கியது 1400 பைட் மட்டும். அதில் 67 அடங்கும். டேட்டாபேஸில் 67 எல்எஸ்ஏ இருந்த வரையில் எந்த டிபிடி பாக்கெட்டும் 1400-ஐத் தாண்டவே இல்லை. நான்கு கிளை சேர்ந்து 70-ஐத் தாண்டிய பிறகும் உடனே ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஏற்கனவே ஃபுல்லில் இருந்த நெய்பர், மாற்றங்களைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் பரிமாறிக்கொள்கிறது. ஒரு நாள் லிங்க் ஒரு நிமிடம் அறுந்து வந்தது. முதலிலிருந்து டேட்டாபேஸ் பரிமாற வேண்டி வந்தபோது முதல் முழு அளவு டிபிடி கிளம்பியது, அது மறுமுனைக்குப் போய்ச் சேரவே இல்லை. புதுக் கிளைகளைச் சேர்த்து மூன்று வாரம் கழித்து விழுந்ததால் யாருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதைச் சோதிக்க ஒரே கட்டளை போதும்: துண்டாக்கக் கூடாது என்ற டிஎஃப் குறியோடு முழு அளவு பிங். இங்கே ஒரு குழி இருக்கிறது. சிஸ்கோ ரூட்டரில் சைஸ் 1500 என்று கொடுத்தால் ஐபி தலைப்பையும் சேர்த்து 1500. லினக்ஸிலும் விண்டோஸிலும் கொடுக்கும் அளவு உள்ளே இருக்கும் தரவு மட்டும், அதற்கு மேல் 28 பைட் சேரும். எனவே அங்கே 1472 கொடுக்க வேண்டும். இது தெரியாமல் லினக்ஸில் 1500 கொடுத்துவிட்டு, போகவில்லை என்று லிங்க் நிறுவனத்தோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். முழு அளவு போகவில்லை என்றால் 1400, 1450 என்று பாதிப் பாதியாக நகர்ந்து எல்லையைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லும். 1492 என்றால் நடுவே பிபிபிஓஇ, 1476 என்றால் ஜிஆர்இ, 1400-ஐ ஒட்டி வந்தால் ஐபிசெக் போன்ற ஏதோ ஒன்று மூடிக்கொண்டு போகிறது.

பிஜிபி-க்கு வருவோம். அதற்கும் எம்டியூ நோய் வரும், ஆனால் வேறு முகத்தோடு. பிஜிபி டிசிபி 179-இன் மேல் ஓடுகிறது. செஷன் எஸ்டாப்ளிஷ்டு ஆகும், ரூட்டுகள் கொஞ்சம் வரும் அல்லது ஒன்றும் வராது, சரியாக மூன்று நிமிடத்தில் ‘ஹோல்டு டைமர் எக்ஸ்பயர்டு’ என்று விழும். மறுபடி எழும், மறுபடி மூன்று நிமிடம். சிஸ்கோவில் கீப்அலைவ் 60 விநாடி, ஹோல்டு 180. ஜூனிப்பரில் 30-ம் 90-ம். இரண்டும் பேசும்போது குறைந்த ஹோல்டுதான் செல்லும், எனவே மறுமுனை ஜூனிப்பர் என்றால் ஒன்றரை நிமிடத் தாளம் கேட்கும்.

கீப்அலைவ் வெறும் 19 பைட் ஆயிற்றே, அது ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அது தனியாகப் போவதில்லை, அதே டிசிபி வரிசையில்தான் போகிறது. முன்னால் ஒரு பெரிய அப்டேட் எம்டியூ-வில் மாட்டி நிற்கிறது. டிசிபி அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பின்னால் வரும் கீப்அலைவ் மறுமுனையைத் தொட்டாலும், முன்னால் இருப்பது வராமல் டிசிபி அதைப் பிஜிபி-யிடம் கொடுக்காது. ஒற்றையடிப் பாதையில் லாரி சிக்கிக்கொண்டால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்கத்தான் வேண்டும். வழியில் எங்கோ ஐசிஎம்பி-யை (பிழைச் செய்தி சொல்லும் பாக்கெட்டை) தடுத்து வைத்திருப்பதால் ‘பாக்கெட் பெரியது’ என்ற தகவல் அனுப்பியவருக்கு எட்டாமல் போவதுதான் இதில் வழக்கமான குற்றவாளி. அந்த ஐசிஎம்பி-யைத் திறந்துவிடுங்கள், அல்லது அந்தச் செஷனின் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் எல்லையை) குறையுங்கள்.

பிஜிபி விழுந்தால் நோட்டிஃபிகேஷன் எண்ணைப் பாருங்கள். 4/0 என்றால் மேலே சொன்ன ஹோல்டு டைமர். 6/1 என்றால் எல்லையை மீறி ரூட்டுகள் அனுப்பியிருக்கிறீர்கள், 6/2 என்றால் யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள், போனை எடுத்துக் கேளுங்கள். 3-இல் தொடங்கினால் அப்டேட்டின் உள்ளடக்கமே ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வகை அபூர்வம், வந்தால் பெரிதாக வரும். 2009 பிப்ரவரியில் செக் நாட்டிலிருந்த சுப்ரோ என்ற நெட்வொர்க், மைக்ரோடிக் ரூட்டரில் ‘எத்தனை முறை முன்னால் சேர்க்க வேண்டும்’ என்று கேட்ட இடத்தில் தன் ஏஎஸ் எண் (பிஜிபி பாதையில் நெட்வொர்க்கைக் குறிக்கும் எண்) 47868-ஐயே கொடுத்துவிட்டது. 256-ஆல் வகுத்த மீதியான 252 முறை அது பாதையில் சேர்ந்தது. அந்த நீளமான பாதையைத் தாங்காத பழைய மென்பொருள் ஓடிய ரூட்டர்கள் உலகம் முழுக்கச் செஷன்களை உதறின. செஷனை உதறியவர்கள் யாரும் தங்கள் பக்கம் ஒரு தவறும் செய்யவில்லை. கெட்ட அப்டேட் வந்தால் செஷனையே முறிக்காமல் அந்த ரூட்டை மட்டும் திரும்பப் பெற்றதாகக் கொள்ள வேண்டும் என்று 2015-இல் ஆர்எஃப்சி 7606 வந்தது. உங்கள் ரூட்டரின் மென்பொருள் அதைப் பின்பற்றுகிறதா என்று பார்த்து வையுங்கள்.

இன்டர்நெட் பக்கத்துச் செஷன் அடிக்கடி ஆடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. உங்கள் ரூட்டு போய்ப் போய் வருவதைப் பார்த்து எங்கோ ஒரு நெட்வொர்க் டாம்பனிங் போட்டு அதை ஒதுக்கிவிடலாம். சிஸ்கோவின் பழைய எண்களில் ஒரு முறை விழுந்தால் 1000 தண்டம், 2000-ஐத் தாண்டினால் ஒதுக்கல், 15 நிமிடத்துக்குப் பாதியாகத் தேய்ந்து 750-க்குக் கீழே வந்த பிறகே மீண்டும் சேர்ப்பார்கள். அதாவது மூன்று முறை ஆடினாலே போதும். இது கடுமை என்று 2013-இல் ஐரோப்பிய நெட்வொர்க்குகளின் கூட்டமைப்பான ரைப் வெளியிட்ட பரிந்துரை எல்லையை 6000 ஆக்கச் சொன்னது, ஆனால் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. செஷன் ஆடிக்கொண்டே இருக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்றால், மாற்று லிங்க் இருக்கும் பட்சத்தில் அந்தச் செஷனைக் கையால் ஷட் செய்துவிட்டுத் தேடுங்கள். செத்த செஷனைவிட ஆடும் செஷன் கெடுதல்.

உங்கள் கேள்வியில் ஒன்று முக்கியமானது: ஓஎஸ்பிஎஃப் விழும்போது பிஜிபி-யும் சில சமயம் விழுகிறது என்கிறீர்கள். அந்த பிஜிபி உங்கள் சொந்த ரூட்டர்களுக்குள் லூப்பேக்கிலிருந்து (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் முகவரி) லூப்பேக்குக்குப் போகும் ஐபிஜிபி என்றால் ஆச்சரியமில்லை, அது ஓஎஸ்பிஎஃப்பின் முதுகில் சவாரி செய்கிறது. ஓஎஸ்பிஎஃப் மூன்று நிமிடத்துக்கு மேல் எழாவிட்டால் அதுவும் விழும், ஓஎஸ்பிஎஃப்பைச் சரிசெய்தால் போதும். ஆனால் வேறு கேபிளில் வேறு நிறுவனத்துக்குப் போகும் ஈபிஜிபி-யும் அதே நிமிடத்தில் விழுகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, உங்கள் ரூட்டர். அந்த நேரத்தில் சிபியு என்ன செய்துகொண்டிருந்தது? முழு ரூட்டிங் டேபிளையும் எஸ்என்எம்பி-யில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உறிஞ்சும் கண்காணிப்பு மென்பொருள், எங்கோ லூப் ஆன சுவிட்சிலிருந்து வரும் ஏஆர்பி வெள்ளம், யாரோ போட்டுவிட்டு அணைக்க மறந்த டீபக், இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கன்ட்ரோல் பிளேன் போலீசிங் (ரூட்டரின் சிபியு-வுக்கு வரும் பாக்கெட்டுக்குப் போடும் வேகத் தடை) போட்டிருந்தால், ஓஎஸ்பிஎஃப்பின் ஐபி புரோட்டோகால் எண் 89-ஐயும் பிஜிபி-யின் டிசிபி 179-ஐயும் தனி வகுப்பில் சேர்த்தீர்களா, ‘மற்றவை’ என்ற கூடையில் விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். கூடையில் இருந்தால் யாரோ செய்யும் போர்ட் ஸ்கேனோடு உங்கள் ஹலோவும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

பிஎஃப்டி (லிங்க் உயிரோடிருக்கிறதா என்று விநாடிக்குப் பல முறை பார்க்கும் முறை) போட்டிருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. போட்டிருந்தால் டெட் டைமர் என்ன என்பதற்கு அர்த்தமே இல்லை, பிஎஃப்டிதான் முதலில் விழுத்தும். 50 மில்லி விநாடி, 3 முறை என்று வைத்தால் 150 மில்லி விநாடி மூச்சடைத்தாலே டவுன். வன்பொருளில் பிஎஃப்டி ஓடும் ரூட்டருக்கு அது சரி. சிபியு-வில் ஓடும் சின்ன ரூட்டரில், அதுவும் நடுவே லிங்க் நிறுவனத்தின் நாலைந்து சுவிட்ச் இருக்கும் பாதையில், அது வலியத் தேடிக்கொண்ட வம்பு. அங்கே 300 மில்லி விநாடி, 3 முறை என்று வைத்துப் பாருங்கள், ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும், யாருக்கும் குறைவில்லை.

நெய்பர் ஃபுல்லில் அசையாமல் இருந்தும் ரூட்டுகள் மட்டும் வந்து வந்து போனால், ஒரே ரூட்டர் ஐடி இரண்டு பெட்டியில் இருக்கிறது. பழைய கிளையின் கான்ஃபிகை நகல் எடுத்துப் புதுக் கிளைக்குப் போட்டபோது வரும் கோளாறு இது. இருவரும் ஒரே பெயரில் எல்எஸ்ஏ வெளியிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்துக்கொண்டே இருப்பார்கள். ஃபுல் இருக்கிறது, ரூட்டே வரவில்லை என்றால் ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் வகை ஒரு முனையில் பிராட்காஸ்ட், மறுமுனையில் பாயின்ட்-டு-பாயின்ட். இரண்டுக்கும் டைமர் ஒன்றே என்பதால் சண்டை போடாமல் ஃபுல் ஆகிவிடும், பலன் மட்டும் இருக்காது.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது: இன்றைக்கே இரு முனையிலும் நேரத்தைச் சரிசெய்து, லாகை ஒரு சர்வருக்கு அனுப்பச் சொல்லுங்கள், ரூட்டரின் நினைவில் விட்டால் சுழன்று போய்விடும். டிஎஃப் பிங் முழு அளவில் இரு திசையிலும் ஒரு முறை. லிங்கின் பயன்பாட்டை ஒரு நிமிட இடைவெளியில் வரையுங்கள், ஐந்து நிமிடச் சராசரி உச்சங்களை விழுங்கிவிடும். அடுத்து விழும்போது யார் ‘டெட் டைமர்’ சொல்கிறார், யார் ‘1-வே’ சொல்கிறார் என்று பாருங்கள். இதற்குள் தெரியாவிட்டால் மட்டும் பாக்கெட் கேப்சர். இரு முனையிலும் புரோட்டோகால் 89 மட்டும் பிடித்தால் போதும், ஒரு முனையில் கிளம்பி மறுமுனையில் வராத ஹலோ எது என்று வரிக்கு வரி தெரியும்.

லிங்க் நிறுவனத்தைக் கூப்பிடும்போது ஓஎஸ்பிஎஃப் என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் ‘அது உங்கள் ரூட்டர் சார், எங்கள் பக்கம் லிங்க் அப்’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள், அவர்கள் பார்வையில் அது நியாயமும்கூட. ‘டிஎஃப் குறியோடு 1400 பைட் போகிறது, 1401 போகவில்லை, ஒப்பந்தத்தில் 1500 இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அல்லது ‘இரவு 11 முதல் 11:40 வரை தலைமையிலிருந்து கிளைக்குப் போகும் திசையில் மட்டும் பாக்கெட் தொலைகிறது, எதிர்த் திசையில் இல்லை’ என்று சொல்லுங்கள். என்னுடைய 1400 பைட் விஷயத்தில் முதல் மூன்று டிக்கெட்டை ‘ஓஎஸ்பிஎஃப் நிலையில்லை’ என்று எழுதினேன், மூன்றும் அன்றன்றே மூடப்பட்டன. நான்காவதில் இரண்டு பிங் வரிகளை மட்டும் ஒட்டினேன். மதியத்துக்குள் நடுவே ஒரு சுவிட்சில் எம்டியூவை மாற்றினார்கள், நெய்பர் ஃபுல் ஆயிற்று. டைமர் இன்றும் அதே 10, 40 தான்.